ஈக்வல் என்றால் மேடுபள்ளம் இல்லாதது

குமுளி ஏலக்காய்க் கடையில் தராசு முள் நடுவில் வந்து நிற்கும் வரை அம்மா கண்ணை எடுக்கவே மாட்டார், காய் பறித்துக் கறுத்த விரல்களோடு அப்படியே நிற்பார். ஈக்வல் என்ற சொல்லின் வேரைத் தேடியபோது அந்த முள்தான் நினைவுக்கு வந்தது. லத்தீனில் ஏக்வஸ் என்றால் மேடுபள்ளம் இல்லாத, மட்டமான என்று பொருள். அதோடு 'இல்லை' சேர்ந்து வந்த சொல்தான் இனிக்விட்டி, அநியாயம். சமம் இல்லாததே அநியாயம்! எவ்வளவு சரியான சொல்!

அப்புறம் அம்பயர். பழைய பிரெஞ்சில் நோன்பேர், ஜோடி சேராதவர், அதாவது இரண்டு பக்கமும் சாயாத மூன்றாம் ஆள். ஆங்கிலத்தில் 'எ நம்பயர்' என்று சொல்லிச் சொல்லியே முதல் எழுத்து முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு 'ஆன் அம்பயர்' ஆகிவிட்டது. அந்த ஏலக்காய்க் கடையில் அப்படி ஒரு மூன்றாம் ஆள் இல்லை, எடைபோடுபவரும் வாங்குபவரும் ஒருவரேதான்.