ரஸ்ட்டில் ஒரு கெர்னல் மாட்யூல்: ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வேலைக்குக் கெர்னல் மாட்யூல், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் செருகும் நிரல் துண்டு, தேவையே இல்லை. மழைமானிக்குள் இருக்கும் குட்டி வாளி எத்தனை தடவை கவிழ்ந்தது என்று எண்ணுவதற்கு பைத்தானில் இருபது வரி போதும். ஆனாலும் ஆசை யாரை விட்டது?

செங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவில், ரப்பர் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் அடிக்கடி கடைக்கு வருவார். 2025இல் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்தைத் தொட்டுவிட்டதால் அவருக்குப் பால்வெட்டில் சரியான அடி. மரத்துக்கு ரெயின் கார்டு கட்டியிருந்தாலும் எந்த மணிக்கு எவ்வளவு பெய்தது என்று தெரிந்தால்தான் மறுநாள் விடியற்காலை வெட்டுக்கு ஆள் அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும். அதற்காக ஒரு மழைமானி வாங்கி, அது காட்டுவதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்தால் உள்ளே இருக்கும் வாளி ஒரு தடவை கவிழும். அந்த நோட்டைக் கடையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மே மாதக் கடைசியில் சி மொழியில்தான் ஆரம்பித்தேன். 24 மணிக்கு 24 இடம் கொண்ட ஓர் அட்டவணை, ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் அதைத் தொடும்படி ஒரு மியூடெக்ஸ் பூட்டு, வெளியிலிருந்து எண்ணைக் கூட்டவும் படிக்கவும் ஒரு சாதனக் கோப்பு. முதல் சோதனை சரியாக ஓடியது. தவறான மணி ஒன்றைக் கொடுத்தேன், பிழை என்று சரியாகவே திருப்பி அனுப்பியது. அடுத்த சோதனை அப்படியே நின்றுவிட்டது. அரை மணி நேரம் முழித்த பிறகுதான் தெரிந்தது, பிழை சொல்லித் திரும்பும் வழியில் பூட்டைத் திறக்க மறந்திருக்கிறேன். சி மொழியில் கெர்னல் எழுதுபவர்கள் கடைசியில் ஒரு லேபிள் வைத்து, எல்லாப் பிழையையும் அங்கே தாவவிட்டு, பூட்டைத் திறந்துவிட்டு வெளியேறுவது இதற்காகத்தான். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அன்றைக்குத்தான் ரஸ்ட் மொழிப் பக்கம் போகலாம் என்று தோன்றியது.

லினக்ஸ் கெர்னலுக்குள் ரஸ்ட் வந்தது 6.1 பதிப்பில், 2022 டிசம்பரில். 1991இல் தொடங்கிய கெர்னலில் சி மொழிக்கும் அசெம்பிளிக்கும் பக்கத்தில் இன்னொரு மொழிக்கு இடம் கிடைத்தது அப்போதுதான். அதற்குக் காரணம், நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதை ரஸ்ட் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதுதான். தங்கள் மென்பொருளில் கண்ட பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. குரோம் உலாவிக்காரர்களும் தங்கள் பெரிய ஓட்டைகளுக்கு ஏறக்குறைய அதே கணக்கைத்தான் சொன்னார்கள்.

ஜூன் 8

பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு உரியவர் திரும்ப வாங்கவே வராத லேப்டாப் ஒன்று இரண்டு வருஷமாகக் கடையில் கிடக்கிறது. அதில் 6.15 பதிப்பின் மூலத்தை இறக்கினேன். ரஸ்ட் கம்பைலர், அதன் மூலக் கோப்புகள், சி தலைப்புக் கோப்புகளைப் படித்து ரஸ்ட்டுக்குப் புரியும்படி மாற்றித் தரும் பைண்ட்ஜென், அதற்கு வேண்டிய கிளாங் என்ற சி கம்பைலர், எல்லாம் போட்டேன். 'மேக்' கட்டளையுடன் 'ரஸ்ட்அவெய்லபிள்' என்று கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சொல்லும். இருக்கிறது என்றது.

ஆனால் கெர்னலில் எதெது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் ரஸ்ட் என்ற வரியே இல்லை! எழுத்துப் பிழை, பதிப்புப் பிழை என்று என்னென்னவோ பார்த்துவிட்டு, கடைசியில் சாய்கோட்டு விசையை அழுத்தி ரஸ்ட் என்று தேடினேன். அந்தத் தேர்வு தெரிவதற்கு எதெது அணைந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் வந்தது. நான் சோம்பேறித்தனமாக, ஓடிக்கொண்டிருந்த கெர்னலின் தேர்வுக் கோப்பான கான்ஃபிக்கையே நகலெடுத்திருந்தேன். அதில், மாட்யூல் கெர்னலுக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் மாட்வெர்ஷன்ஸ் இயங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்ததும் ரஸ்ட் வரி தலைகாட்டியது. இப்படி மாட்டிக்கொள்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: கண்டதையும் தேடாமல் முதலில் அந்தச் சாய்கோட்டை அழுத்துங்கள்.

ஜூன் 15

கூடவே வரும் மாதிரிகளில் மிகச் சின்னதை ஓட்டினேன். ஏற்றும்போது வணக்கம் சொல்லும், இறக்கும்போது 72, 108, 200 என்று மூன்று எண்களைச் சொல்லிவிட்டுப் போகும். அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது.

சாதாரண ரஸ்ட்டில் வெக்டர் என்ற நீளும் பட்டியலுக்குள் எண்ணைத் தள்ள, தள்ளு என்றால் போதும். கெர்னலில் நான் அப்படி எழுதியதைக் கம்பைலர் ஏற்கவில்லை. தள்ளும்போது நினைவகம் எந்த வகையில் வேண்டும் என்றும் சொல்ல வேண்டும்: காத்திருந்து வாங்கலாம் என்றால் ஜிஎஃப்பி கெர்னல், காத்திருக்க நேரமில்லாத இடம் என்றால் ஜிஎஃப்பி அட்டாமிக். நினைவகம் கிடைக்காமலும் போகலாம் என்பதால் அந்த வரியின் முடிவில் ஒரு கேள்விக்குறி. கிடைக்கவில்லை என்றால் அந்தக் கேள்விக்குறி பிழையோடு வெளியே கூட்டிப் போய்விடும். பயனர் நிரலில் நினைவகம் தீர்ந்தால் நிரல் செத்துவிடும், யாரும் அழப்போவதில்லை. கெர்னல் செத்தால் மொத்தக் கடையும் இருட்டு.

மாட்யூலை இறக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று தனியாக எழுத வேண்டியதும் இல்லை. மாட்யூல் என்பது ஒரு மதிப்பு. அது தன் ஆயுள் முடிந்து விழும்போது அதனுள் இருப்பதெல்லாம் தானே விடுவிக்கப்படும்.

ஜூன் 22

சாரல். காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போய்விட்டது. அந்த லேப்டாப்புக்கு பேட்டரி செத்து நாளாகிறது. பாதிக் கட்டுமானத்தில் அணைந்ததில் சில ஆப்ஜெக்ட் கோப்புகள் வெறும் பூஜ்ய பைட்டாக நின்றன. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி. இன்று வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 29

இன்றுதான் சொந்த மாட்யூல். சின்னச் சாதனங்களுக்கான மிஸ்க் டிவைஸ் மாதிரியை எடுத்து மழைக்கு ஏற்ப மாற்றினேன். கட்டி முடித்ததை எப்போதும் கியூஎமு என்ற மெய்நிகர் கணினிக்குள் மட்டுமே ஓட்டுகிறேன். உண்மையான மழைமானி இன்னும் இணைக்கப்படவில்லை. ஒரு சின்னப் பயனர் நிரல்தான் அண்ணாச்சியின் நோட்டைப் படித்து வாளிபோல நடிக்கிறது.

இந்த மாதிரியில் எனக்கு மிகவும் பிடித்தது, பயனர் பக்கமிருந்து தரவு வரும் இடம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புளியரை செக்போஸ்ட் என்று சொன்னால் சட்டென்று புரியும். லாரியைச் சோதித்துச் சரி என்று சீட்டு கொடுத்த பிறகு, நாலு மைல் தள்ளிப் போய்ச் சரக்கை மாற்றினால் சீட்டுக்கு என்ன மதிப்பு? கெர்னலிலும் அதே ஆபத்து உண்டு. பயனரின் நினைவகத்தை ஒரு தடவை படித்துச் சோதித்துவிட்டு, வேலைக்காக இன்னொரு தடவை படித்தால், இடையில் பயனர் அதை மாற்றியிருக்கலாம். ரஸ்ட் பக்கத்தில் அந்த நினைவகத்தைப் படிக்கக் கொடுக்கும் யூசர்ஸ்லைஸ் வாசிப்பான், படிக்கப் படிக்க முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். படித்ததை மறுபடி படிக்கத் தானாக இடம் கொடுக்காது. வேண்டும் என்றே வளைந்து எழுதினால் ஒழிய, லாரி ஒரு தடவைதான் கேட்டைத் தாண்டும்.

சரி, ஓட்டினேன். ஒரு டெர்மினலிலிருந்து கவிழ்ப்புகளைக் கூட்டினேன். இன்னொரு டெர்மினலிலிருந்து படித்தேன். பூஜ்யம். மறுபடி கூட்டினேன், மறுபடி பூஜ்யம்.

ராத்திரி தோசைக்கு உட்காரும்வரை புரியவில்லை. அந்த மாதிரியில் சாதனக் கோப்பை யார் திறந்தாலும் அவருக்கென்று ஒரு தனி மதிப்பை உருவாக்கிக் கொடுக்கிறது. நான் ஒரு பாத்திரத்தில் ஊற்றி வேறு பாத்திரத்தில் தேடியிருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒரே இடம் வேண்டும் என்றால் குளோபல் பூட்டு வைக்க வேண்டும்.

அங்கேதான் முதல் தடவையாக 'அன்சேஃப்' என்ற சொல்லை எழுத வேண்டி வந்தது. காரணம் சுவாரசியமானது. கெர்னலின் மியூடெக்ஸ், தனக்காகக் காத்திருப்பவர்களின் வரிசையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. வரிசை காலியாக இருந்தாலும் அதன் சுட்டி தன்னுடைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். அதை நினைவகத்தில் வேறு இடத்துக்கு நகர்த்தினால் சுட்டி பழைய இடத்தையே காட்டும். வீடு மாறிப் பத்து வருஷமாகியும் பழைய தெரு முகவரிக்கே கல்யாணப் பத்திரிகை வருவதுபோல. ரஸ்ட்டில் மதிப்புகளைக் கை மாற்றுவது சகஜம் என்பதால், இதை நகர்த்தாதே என்று ஆணி அடித்து வைக்கும் ஏற்பாடு தனியாக இருக்கிறது. குளோபல் பூட்டு எப்படியும் நகராது. ஆனால் அது இருக்கும் இடத்திலேயே அதைத் தொடங்கி வைக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவை, யாரும் தொடுவதற்கு முன்பே. அந்த வாக்குறுதியைக் கம்பைலரால் சோதிக்க முடியாது. அதனால் எழுதுபவரே பொறுப்பேற்க வேண்டும்.

கெர்னலில் அன்சேஃப் எழுதினால் அதன் தலையில் 'சேஃப்டி' என்று தொடங்கி, இது ஏன் சரி என்று ஒரு குறிப்பு எழுதுவது கட்டாயம். நான் எழுதியது: "மாட்யூல் தொடங்கும்போது ஒரு முறை மட்டும், சாதனத்தைப் பதிவு செய்வதற்கு முன்பு அழைக்கப்படுகிறது." எழுதிவிட்டு நிரலைப் பார்த்தால், நான் சாதனத்தைப் பதிவு செய்த பிறகுதான் பூட்டைத் தொடங்கியிருக்கிறேன்! அந்த இடைவெளியில் யாராவது கோப்பைத் திறந்திருந்தால் கதை முடிந்தது. இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். குறிப்பு எழுதச் சொல்லி வற்புறுத்தாமல் இருந்தால் அது என் கண்ணில் பட்டே இருக்காது.

ஜூலை 6

நோட்டில் உள்ள எல்லா நாட்களையும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது நாளில், ராத்திரி மழையில், கெர்னல் 'பக்' என்று அலறியது. ஊட்டிய நிரல் அங்கேயே செத்தது.

அண்ணாச்சியின் மழைமானி மணிகளை 1 முதல் 24 வரை காட்டுகிறது. என் அட்டவணையோ 0 முதல் 23 வரை. நள்ளிரவு மழை 24ஆம் இடத்தைத் தேடிப் போயிருக்கிறது, அப்படி ஓர் இடமே இல்லை. மே மாதத்துச் சி நிரலில் எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் தடுத்திருந்தேன், ஆனால் எல்லையில் கோட்டைவிட்டு 24ஐ ஏற்றுக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். பழைய கோப்பைத் திறந்து அதே நாளைக் கொடுத்துப் பார்த்தேன். அது மூச்சு விடவில்லை. அட்டவணைக்குப் பக்கத்தில் இருந்த மொத்தக் கணக்கைச் சத்தமில்லாமல் கூட்டிவிட்டிருந்தது. அந்தத் தப்பான மொத்தத்தை நான் அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தேன்.

சரி, ரஸ்ட் காப்பாற்றியது என்று சந்தோஷப்படலாமா? மறுபடி படிக்கப் போனால் படிக்கும் நிரல் தொங்கிவிட்டது. கன்ட்ரோல் சி அடித்தாலும் அசையவில்லை. 120 விநாடி கழித்து, நிரல் நகராமல் நிற்கிறது என்று கெர்னல் புகார் எழுதியது. விஷயம் இதுதான்: கெர்னலில் ரஸ்ட் நிரல் பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையில் மாட்டினால், கையில் உள்ளதை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு பின்வாங்குவதில்லை. நின்ற இடத்திலேயே முடிகிறது. நான் பூட்டைப் பிடித்துக்கொண்டு 24ஆம் இடத்தைத் தொட்டிருந்ததால் பூட்டு பூட்டியபடியே கிடந்தது. சாவியோடு ஆள் கிணற்றில் விழுந்த கதை. நினைவகம் பாழாகவில்லை என்பது உண்மை. ஆனால் சாதனம் உபயோகமற்றுப் போனதும் உண்மை.

இதற்கு மருந்து, அட்டவணையை நேரடியாக எண் கொடுத்துத் தொடாமல், அந்த இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது. இல்லை என்றால் பிழையைத் திருப்பி அனுப்பலாம். பாதியில் திரும்பினாலும் பூட்டு தானே திறந்துகொள்ளும், ஏனென்றால் பூட்டைப் பிடித்திருக்கும் மதிப்பு அங்கேயே விழுகிறது. மே மாதம் நான் மறந்த அதே இடம் இது.

அப்புறம் மணியில் ஒன்றைக் கழிக்கும் கணக்கை மாட்யூலுக்குள்ளேயே வைத்தேன். சோதனைக்காகப் பூஜ்யம் கொடுத்தேன். மறுபடி 'பக்'. குறியில்லாத (பூஜ்யத்துக்குக் கீழே போகாத) எண்ணில் பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழிக்க முடியாது, அந்தச் சோதனை என் கான்ஃபிக்கில் இயங்குகிறது. ஒரே நாளில் இரண்டு. கழிப்பதைப் பயனர் நிரலுக்கே தள்ளிவிட்டேன்.

மில்லிமீட்டர் கணக்கும் அங்கேதான். கெர்னலுக்குள் தசமப் புள்ளிக் கணக்கு போடக்கூடாது. மாட்யூல் கவிழ்ப்புகளை மட்டும் எண்ணும், 0.2ஆல் பெருக்குவது வெளியே.

ஜூலை 13

பின்னால் உண்மையான வாளியை இணைத்தால், நடக்கும் வேலையில் குறுக்கிடும் சிக்னலான இன்டரப்ட் வரும், அங்கே தூங்கிக் காத்திருக்கும் மியூடெக்ஸ் செல்லாது. அதற்குப் பழகலாம் என்று, தூங்காமல் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் ஸ்பின் பூட்டுக்கு மாற்றி, கவிழ்ந்த நேரங்களை ஒரு வெக்டரில் சேர்க்கப் பார்த்தேன். ஜூன் 15இல் கற்ற அதே தள்ளு, அதே ஜிஎஃப்பி கெர்னல். கம்பைலர் ஒன்றுமே சொல்லவில்லை. ஓட்டினால் சரியாகவும் ஓடியது.

சந்தேகத்தில் அட்டாமிக் ஸ்லீப் சோதனையை இயக்கி மறுபடி கட்டினேன். தூங்கக்கூடாத இடத்தில் தூங்கக்கூடிய ஒன்றை அழைத்துவிட்டாய் என்று, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் பக்கம் பக்கமாக வந்தது. ஸ்பின் பூட்டைப் பிடித்திருக்கும்போது நினைவகத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. ரஸ்ட்டின் விதிகள் இதைப் பிடிப்பதில்லை. இரண்டு பூட்டுகளை முன்பின்னாகப் பிடித்து முட்டிக்கொள்வதையும் பிடிக்காது. சோதனை இல்லாமல் ஓடியபோது சரியாக ஓடியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, பூட்டுக்குள் வெறுமனே எழுதும்படி மாற்றினேன். இனி ரஸ்ட்டோ சியோ, அந்தச் சோதனை இல்லாமல் கட்டுவதாக இல்லை.

அண்ணாச்சி நேற்று வந்தார். திரையில் நோட்டின் கணக்கும் மாட்யூலின் கணக்கும் ஒத்துப்போவதைக் காட்டினேன். "ஏ தம்பி, இது நான் எழுதுனதுதான. இதத் திருப்பிச் சொல்ல ஒன்றரை மாசமா?" என்றார்.

வாளி கவிழ்வதைச் சொல்லும் ரீட் சுவிட்சின் வயரை எலி கடித்து வைத்திருக்கிறது. தென்காசியில் கிடைக்கவில்லை, புனலூர் போகும்போது வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அது வந்த பிறகுதான் இன்டரப்ட்.