ரெண்டு முழம் மல்லிகை

கோயில் சிற்பங்களை ஆராய்வதற்காக மதுரைக்கு வந்த ஒரு ஜப்பான் பெண் தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து தமிழ் படிக்கிறார். இலக்கணத்தில் புலி. வேற்றுமை உருபுகளை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். அவர்கள் மொழியிலும் வினை கடைசியில்தான் வரும், நாம் 'மதுரைக்கு' என்று 'க்கு' சேர்ப்பது போல அவர்கள் ஊர்ப்பெயருக்குப் பின்னால் 'நி' சேர்ப்பார்கள், அதனால் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே பல வாக்கியம் அப்படியே வந்துவிடும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார்.

முதல் இரண்டு வாரம் எனக்கு அது தெரியவே இல்லை. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி 'ஆமா, ஆமா' என்பார். சரி, புரிகிறது போல என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அப்புறம்தான் தெரிந்தது, அது 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கான ஆமா. ஜப்பானில் அதை 'ஐஸுச்சி' என்பார்கள், ஒருவர் பேசும்போது இடையிடையே 'ஹை, ஹை' என்று சொல்லிக்கொண்டே இருப்பது. பாட்டி கதை சொல்லும்போது நாம் 'ம்' கொட்டுவோமே, அதேதான். புரியவில்லை என்று ஆசிரியரிடம் நேரே சொல்ல அவருக்கு அத்தனை கூச்சம்.

ஏன் இப்படி என்று கேட்டபோது பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே ரொம்ப காலம் ஆங்கிலம் 12 வயதுக்கு மேல்தான் தொடங்கியது, 5, 6-ஆம் வகுப்புகளில் முறையான பாடமானதே 2020-இல்தான். பல்கலைக்கழகத்துக்கான பொது நுழைவுத் தேர்வில் காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதி 2006-இல்தான் வந்தது. ஆங்கிலச் சொற்களைக் கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதிப் பழகுவதால் மில்க் 'மிருக்கு' ஆகிவிடும் (நாமும் பஸ்ஸு, பில்லு என்றுதானே சொல்கிறோம்). இதில் ஒரு பிள்ளை மட்டும் நல்ல உச்சரிப்பில் வாசித்தால் வகுப்பே திரும்பிப் பார்க்குமாம், அதற்குப் பயந்து இவர் தெரிந்தே 'மிருக்கு' என்று வாசித்திருக்கிறார். துருத்தி நிற்கும் ஆணிதான் அடி வாங்கும் என்று அவர்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு.

எனக்குச் சுருக்கென்றது. உசிலம்பட்டிப் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு மதுரைக்குக் கல்லூரிக்கு வந்தவள் நான். ஆங்கிலத்தில் பதில் சொல்ல எழுந்தால் பின் பெஞ்சிலிருந்து 'பீட்டர் விடுறா பாருடா' என்று குரல் வரும், தப்பாகச் சொன்னால் சிரிப்பு வரும். மூன்று வருடம் எழுந்திருக்கவே இல்லை. இன்றைக்கும் ஆங்கிலத்தில் தொண்ணூறு மார்க் வாங்கிய பிள்ளை இன்டர்வியூவில் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறது, அதன் கையில் இன்னொரு இலக்கணப் புத்தகத்தைத் திணிக்கிறோம். கோபம் கோபமாக வருகிறது.

மறுநாள் நோட்டை மூடி வைக்கச் சொன்னேன். மீனாட்சி கோயில் பக்கம் கூட்டிப்போய், பூக்காரம்மாவிடம் தனியாகப் போய் ரெண்டு முழம் மல்லிகை வாங்கி வரச் சொல்லிவிட்டு நாலு கடை தள்ளி நின்றேன். கூடை முன்னால் நின்று மனசுக்குள் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. 'என்ன தாயி வேணும்?' என்று மூன்றாவது தடவை கேட்ட பிறகு, 'ரெண்டு முரம் குடுங்க' என்றார்.

'முறம் அரிசி பொடைக்கிறதுல்ல தாயி, இது முளம்' என்று அந்தம்மா கையை நீட்டி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சரத்தைப் பிடித்துக் காட்டினார். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஓடிப்போய் நானே பேசிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் இவரும் கையை நீட்டி 'முளம்' என்றார். 'அம்புட்டுத்தேன்' என்று அந்தம்மா ஒரு சாண் கூடவே நறுக்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டார்: 'டீச்சர் ழ சொல்லிக் குடுத்தீங்க. அவங்க ள சொல்றாங்க. எது சரி?' அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கோரிப்பாளையம் வரும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.