புகார் எண்ணிக்கை கூடினால் குற்றமும் கூடியதா?

பாலியல் வன்கொடுமை குறித்த ஆண்டறிக்கை வெளியாகும்போதெல்லாம் அதே சண்டைதான். எண் ஏறியிருந்தால் எதிர்க்கட்சி பிடித்துக்கொள்ளும். இறங்கியிருந்தால் அமைச்சர் மார்தட்டிக்கொள்வார். உண்மையில் அது காவல் நிலையம் வரை வந்து, அங்கே பதிவும் ஆன புகார்களின் கணக்கு, அவ்வளவே. வருவதா வேண்டாமா என்பதைப் பயமும் நம்பிக்கையும் முடிவுசெய்கின்றன. இரண்டையும் ஏற்றி இறக்குவதில் அரசியல் சூழலுக்குப் பெரிய பங்குண்டு.

டெல்லியில் 2012இல் பதிவான வன்புணர்ச்சி வழக்குகள் 706, 2013இல் 1,636. நாடு முழுக்க 24,923 என்பது 33,707 ஆனது. ஒரே ஆண்டில் டெல்லியில் குற்றம் இரண்டு மடங்கைத் தாண்டியது என்று நம்புவது கடினம். டெல்லிப் பேருந்தில் நடந்த கூட்டு வன்புணர்ச்சியை எதிர்த்து 2012 டிசம்பரில் எழுந்த போராட்டங்களுக்குப் பிறகு பலர் துணிந்து வந்தார்கள். புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்று, 2013 சட்டத் திருத்தத்தால் இந்திய தண்டனைச் சட்டத்தில் 166ஏ பிரிவும் வந்ததால், 'போய்ட்டு நாளைக்கு வாங்க' என்று சொல்வது ஆபத்தானது. ஆனால் அதே திருத்தம் குற்றத்தின் வரையறையை விரித்தது, சம்மத வயதையும் 16இலிருந்து 18 ஆக்கியது. வீட்டைவிட்டுப் போன 17 வயதுப் பெண்ணின் பெற்றோர் கொடுக்கும் புகாரும் இந்தக் கணக்கில் ஏறும். ஆகவே ஏற்றம் முழுவதையும் விழிப்புணர்வு என்று கொண்டாடுவதும் சரியில்லை.

இறக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. 2017 ஏப்ரலில், ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களிடமிருந்து வந்த வன்புணர்ச்சிப் புகார்கள் முந்தைய ஆண்டின் முதல் 3 மாதங்களைவிட 42.8% குறைந்துவிட்டதாக அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரக் காவல்துறைத் தலைவர் ஆர்ட் அசெவெடோ அறிவித்தார். மற்றவர்களின் புகார்களோ கூடியிருந்தன. நாடுகடத்தல் பேச்சு உச்சத்திலிருந்த நேரம் அது. காவலரிடம் போனால் குடும்பத்தில் யாராவது பிடிபடுவார்களோ என்ற அச்சமே காரணம் என்றார். நகரத்தின் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் இது கண்ணில் பட்டிருக்காது. எந்தப் பிரிவினர் வரவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் எண்ணும் விதியைப் பாருங்கள். ஸ்வீடனில் ஒரே நபர் பலமுறை செய்த கொடுமை ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றமாக ஏறும். இந்தியாவில் வன்புணர்ந்து கொன்றால், முதன்மைக் குற்றமான கொலையின்கீழ் போய்விடும். இரண்டு நாடுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

பிறகு, சம்பவம் நடந்த தேதிக்கும் புகார் தந்த தேதிக்கும் உள்ள இடைவெளி. மீ டூ போன்ற அலைக்குப் பின் பல ஆண்டுப் பழைய சம்பவங்கள் குவிந்தால், வாய் திறக்கும் தைரியம் கூடியிருக்கிறது என்று பொருள். தேதிகளைப் பிரிக்காத அட்டவணையில் அவையும் 'இந்த ஆண்டுக் குற்றம்' ஆகிவிடும்.

காவல் நிலையத்திலேயே கரைந்துபோவதும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவல்துறையிடம் சொல்லப்பட்ட பாலியல் குற்றங்களில் 26% பதிவே ஆகவில்லை என்று 2014இல் காவல்துறையின் பணியை ஆய்வுசெய்யும் அமைப்பு கண்டறிந்தது. நம்மூரில் இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது: காவல் நிலையம் பதியாமல், நீதித்துறை நடுவர் உத்தரவிட்ட பிறகே பதிவான முதல் தகவல் அறிக்கைகளை எண்ணுங்கள். அந்த உத்தரவுக்கான பிரிவு பழைய குற்ற விசாரணைமுறைச் சட்டத்தில் 156(3), அதன் இடத்தில் இப்போதிருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 175(3). மொத்த வழக்குகள் குறையும்போது இந்த வகை மட்டும் கூடினால், புகார்கள் நிலைய வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகின்றனவா என்று கேட்க வேண்டியிருக்கும்.