மாமனார் ஊரின் பூர்வீகம் தேடிய கதை: கசான் காப்பகத்தில் என்ன கிடைக்கும், எப்படிக் கிடைக்கும்

ரஷ்யாவின் டாடர்ஸ்தான் பகுதியில் வாழும் டாடர் இனத்தவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரைச் சொல்லத் தெரிய வேண்டும். என் மாமனாருக்கு நாலு பெயர் வரும், அதற்கு மேல் நிற்கும். அவர் ஊர் டாடர்ஸ்தானின் தலைநகரான கசானுக்கு வடகிழக்கே ஆர்ஸ்க் மாவட்டத்தில், ஒரு பள்ளிவாசலும் ஒரு பள்ளிக்கூடமும் உருளைக்கிழங்குத் தோட்டங்களுமாக இருக்கும் சின்ன கிராமம். நான் காயல்பட்டினம், படிக்க வந்து கசானிலேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவன். மீதிப் பெயர்களைத் தேடலாம் என்று மனைவியும் நானும் இறங்கினோம். எப்படி முடிந்தது என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

முதல் வேலை, ஊர் எந்தக் காலத்தில் எதில் சேர்ந்திருந்தது என்று பார்ப்பது. இது தெரியாமல் காப்பகத்துக்குப் போய்ப் பிரயோசனமில்லை. ஆர்ஸ்க் மாவட்டம் உருவானது 1930-இல்தான். அதற்கு முன் பத்து வருடம் ஆர்ஸ்க் கான்டன் (மாவட்டத்துக்கு அப்போதிருந்த பெயர்), ஜார் காலத்தில் கசான் மாகாணம், கசான் உயெஸ்த் (தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள்). நடுவில் 1781 முதல் 1796 வரை ஆர்ஸ்க்கே தனி உயெஸ்தாக இருந்திருக்கிறது. பக்கத்து வட்டாரங்களில் சில ஊர்கள் வியாத்கா மாகாணத்தில் இருந்தவை, அவற்றின் காகிதங்களுக்குக் கிரோவ் நகரத்துக்குப் போக வேண்டும். நாங்கள் தப்பித்தோம், எங்கள் ஊர்க் காகிதம் முழுக்கக் கசானிலேயே இருந்தது.

டாடர்ஸ்தான் அரசு ஆவணக் காப்பகத்தில் பாஸ்போர்ட் காட்டி, எதற்காகத் தேடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் வாசகர் அட்டை தருகிறார்கள். ஃபோண்ட் (ஆவணத் தொகுப்பு), ஓபிஸ் (அதன் பட்டியல்), தேலோ (கோப்பு) என்ற மூன்று எண்களும் சரியாக இருந்தால்தான் கட்டு கைக்கு வரும். பட்டியலைப் புரட்டி அந்த எண்களைப் பிடிப்பதில்தான் பாதி நேரம் போகும், அவசரப்படாதீர்கள்.

தொடங்க வேண்டிய இடம் ரெவிஷன் பதிவுகள், அதாவது தலைவரிக்காக ஜார் அரசு எடுத்த கணக்கு. மொத்தம் பத்து தடவை எடுத்தார்கள், முதலாவது 1719-இல் தொடங்கியது, கடைசி 1857-58. இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். ஒவ்வொரு ஆணுக்கும் போன கணக்கில் என்ன வயது, இப்போது என்ன வயது, நடுவில் செத்தாரா, பட்டாளத்துக்குப் பிடித்துப் போனார்களா என்று கட்டம் போட்டிருக்கும். மாமனாருக்குத் தெரிந்த கடைசிப் பெயர், 'போன கணக்கில் 3, இப்போது 11' என்று ஒரு பையனாக அங்கே இருந்தது. அவன் அப்பா, அப்பாவின் அப்பா என்று அங்கிருந்து மேலே ஏறலாம். 1811 கணக்கில் மட்டும் பெண்களையே எழுதவில்லை, அந்த இடத்தில் பாட்டிகள் மொத்தமாக விட்டுப் போகிறார்கள்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் எதுவும் சிக்காது. அந்தக் கிராமங்களில் அப்பா பெயர்தான் மகனுக்குப் பின்பெயர், நம்மூர் இனிஷியல் போலத் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். நிலையான குடும்பப் பெயர் பெரும்பாலானவர்களுக்குச் சோவியத் காலத்தில்தான் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றும் அந்த ரெவிஷன் பதிவில்தான் தெரிந்தது. மாமனாரின் முன்னோர்கள் லஷ்மன்கள். ஜார் பீட்டர் 1718-இல் போட்ட உத்தரவுப்படி, கப்பல் கட்ட ஓக் மரம் வெட்டி இழுத்துக் கொடுக்க வேண்டிய ஆட்கள். இந்த ஊழியம் 1860 வரை இருந்தது. மாமனாருக்கு இது தெரியவே தெரியாது. கேட்டதும் முதலில் நம்பவில்லை, அப்புறம் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது மெத்ரிகா புத்தகங்கள். முஸ்லிம்களுக்கு இவை 1829-இல் தொடங்கின. பிறப்பு, நிக்காஹ், தலாக், மவுத் என நாலு பகுதி, எழுதியது ஊர் முல்லா. ஒரு பிரதி பள்ளிவாசலில் இருக்கும், இன்னொன்று உஃபாவிலிருந்த முஸ்லிம் மார்க்க சபைக்குப் போகும். எல்லாம் அரபு எழுத்தில் எழுதிய பழைய டாடர் மொழி. இங்கேதான் பெரும்பாலான டாடர்களே திரும்பிப் போய்விடுகிறார்கள். 1920-களின் கடைசியில் அரபு எழுத்தை எடுத்து லத்தீன் கொண்டு வந்தார்கள், 1939-இல் லத்தீனையும் எடுத்து சிரிலிக். மனைவியின் கொள்ளுப்பாட்டி எழுதிய காகிதத்தைப் பாட்டியால் வாசிக்க முடியாது, பாட்டி பள்ளியில் எழுதிய லத்தீனைப் பார்த்து மாமனாரே திணறுகிறார்.

எனக்கு டாடர் மொழி கடைக்குப் போய்வரும் அளவுதான். ஆனால் மதரசாவில் ஓதியவன், எங்கள் வீட்டில் உம்மா அரபுத்தமிழ்க் கிதாபு (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்ப் புத்தகம்) வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவன். கையெழுத்து கிறுக்கல், உயிர்க்குறி பாதி இருக்காது. நான் எழுத்தைக் கூட்டிச் சொல்வேன், மனைவி அதற்கு உயிர் போட்டுச் சொல்லாக்குவாள். 'க-ப-த-ர-ஹ-ம-ன்' என்று நான் திக்குவதற்குள் 'கப்த்ரஹ்மான்!' என்பாள். வாசக சாலையில் இரண்டு மூன்று தடவை எங்களை மெதுவாகப் பேசச் சொன்னார்கள். இப்படித்தான் ஒரு நிக்காஹ் பதிவு கிடைத்தது: பெண்ணின் வாப்பா பெயர், சாட்சிகள், மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய பணம்) இத்தனை ரூபிள், பாதி கையில், மீதி பின்னால். படித்துக் காட்டியதும் மாமனார் கேட்டார், "அந்த மீதியைக் கொடுத்தாங்களா இல்லையா?"

கிராயஷென் என்னும் ஞானஸ்நானம் பெற்ற டாடர்களாக இருந்தால் வழியே வேறு. அவர்கள் பெயர் தேவாலயப் பதிவுகளில், ரஷ்ய மொழியில் இருக்கும்.

1918-க்குப் பிந்திய பதிவுகள்தான் உண்மையில் தலைவலி. நூறு வருடம் ஆகாத பிறப்புப் பதிவுக்கு உறவு முறையைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். ஒரு காகிதத்தில் கப்துல்லா, இன்னொன்றில் அப்துல்லா. இரண்டும் ஒரே ஆள் என்று ஊரே சொல்லும், ஆனால் ஒரு அலுவலகத்தில் அதை ஒத்துக்கொள்ள வைக்கப் பட்ட பாடு தனிக்கதை. 1921-22 பஞ்சத்தில் இந்தப் பக்கம் நிறையக் குடும்பங்கள் சிதறின. எங்கள் பட்டியலிலும் அங்கே ஒரு கிளை அறுந்து நிற்கிறது.

ஆர்ஸ்க் போனால் அங்குள்ள அலிஃப்பா (அரிச்சுவடி) அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள், பள்ளிப் பாடப்புத்தகங்களில் எழுத்து மாறிய கதை கண் முன்னால் இருக்கும். கவிஞர் கப்துல்லா துகாய் 1886-இல் பிறந்த கோஷ்லாவிச்சும், சிறுவனாக வளர்ந்த கிர்லாயும் இதே மாவட்டத்தில்தான். கசானிலிருந்து ஆர்ஸ்க்குக்கு மின்ரயில் உண்டு, உள்ளே போகக் கார் வேண்டும்.

இப்போது ஆறு பெயர் சேர்ந்திருக்கிறது. ஏழாவது ஆள் 1719 கணக்கில் இருக்க வேண்டும், அந்தக் கட்டு மாஸ்கோவில், பழைய ஆவணங்களுக்கான அரசுக் காப்பகத்தின் 350-ஆம் ஃபோண்டில். மாமனாரும் கூட வருகிறேன் என்கிறார்.