டிசம்பர் கேரலும் ஜனவரி ஓ.பி.யும்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். டாக்டர் மருந்து எழுதுவார். அந்த மருந்து வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை. வருகிறவர்களில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபைக்காரர்களும் உண்டு. அதனால் புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளிடம், மாத்திரைப் பெயர்களை மெதுவாகப் படித்துக்கொள்ளலாம், சபைக் காலண்டரை முதலில் மனப்பாடம் பண்ணுங்கள் என்று சொல்வேன். (இதில் வருகிறவர்களின் ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஜனவரி பிறந்ததும் எங்கள் ஓ.பி.யில் பைபோலார் நோயாளிகள் (ஒரு சமயம் உற்சாகம் எல்லை மீறும், இன்னொரு சமயம் சோர்வில் விழுவார்கள்) கூடிவிடுவார்கள். காரணம் டிசம்பர். வீடுவீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட் ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர விடிந்துவிடும். தெருத்தெருவாக நாலைந்து ராத்திரி. அப்புறம் கிறிஸ்மஸ் அன்று விடியற்காலை ஆராதனை, 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை. மற்றவர்களுக்கு இது வருஷத்தின் மிக மகிழ்ச்சியான பத்து நாள். பைபோலார் உள்ளவருக்குத் தூக்கம் கெட்டாலே போதும், மேனியா, அதாவது அந்த எல்லை மீறிய உற்சாகம், கிளம்பிவிடக்கூடும். வேறு மன உளைச்சல் எதுவும் தேவையில்லை.

பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பையன் ஒருவன் அப்படித்தான் வந்தான். "ஆவியானவர் அபிஷேகம் பண்ணிட்டார்னுதான் மேடம் நாங்க நெனச்சோம்" என்றார் அவனுடைய அம்மா. ராத்திரி முழுக்க ஜெபம், பகலெல்லாம் பாட்டு, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வசனம். பெருமையாக இருந்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் போய்க் கோயில் மணியை அடித்து, கோயில் பிள்ளையிடம் (சர்ச்சைத் திறந்து பூட்டுகிறவர்) சாவியைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் பயந்திருக்கிறார்கள்.

எது பக்தி, எது நோய் என்று எப்படிப் பிரிப்பது? மருத்துவப் புத்தகமே, ஒருவருடைய நம்பிக்கையை அவருடைய சொந்தச் சமூகத்தின் வழக்கத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறது. அந்த வழக்கம் யாருக்குத் தெரியும்? எங்கள் டாக்டர், அந்தச் சபையின் ஐயருக்குப் போன் போட்டார். (எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) "உங்க சபையில மத்தவங்க ஜெபிக்கிற மாதிரியா ஐயா இவனும் ஜெபிக்கிறான்?" என்று கேட்டார். "இல்ல டாக்டர். இவன் ஜெபத்தை முடிக்கவே மாட்டேங்கிறான். நடுவுல சவுண்ட் பாக்ஸ் வெல சொல்றான்" என்றார் ஐயர். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு நாங்கள் எழுதியிருக்கக்கூடியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். நான் இப்போது வீட்டாருக்குச் சொல்கிற அடையாளம் இதுதான்: தூங்காமல் அசந்துபோனால் அது கேரல், தூங்காமல் உற்சாகம் கூடிக்கொண்டே போனால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அடுத்த வருஷம் நவம்பரிலேயே ஐயரோடும் பாடகர் குழுத் தலைவரோடும் உட்கார்ந்து பேசினோம். பையன் முதல் இரண்டு தெருவுக்கு மட்டும் வாசிப்பான், பதினொரு மணிக்குள் யாராவது பைக்கில் வீட்டில் விட்டுவிட வேண்டும், புத்தாண்டுக்குக் காலை ஆராதனைக்கு வந்தால் போதும். கீபோர்டை அவனிடமிருந்து வாங்கி வைப்பது என்ற பேச்சும் வந்தது. அதை ஐயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஜனவரியில் அவன் மாதாந்திர மாத்திரை வாங்கத்தான் வந்தான்.

டிசம்பர் இப்படியென்றால் லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம், வேறு மாதிரி. உபவாசம் ஆரோக்கியமாக இருப்பவர்களைப் பொதுவாக ஒன்றும் செய்யாது. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்குச் செய்யும். பைபோலாருக்குக் கொடுக்கிற இந்த மருந்து ஒரு வகை உப்பு. உடம்பில் தண்ணீரும் சாதாரண உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே அனுப்பாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 1.5ஐத் தாண்டினால் விஷம்தான். மார்ச் மாத வெயிலில் மாலை ஆறு மணி வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்த ஒரு டீச்சருக்கு அதுதான் நடந்தது. முதலில் கை நடுக்கம், போர்டில் எழுத முடியவில்லை. அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு. நாக்கு குளற ஆரம்பித்ததும் வீட்டில் பயந்துபோய் ஜெபிக்கிறவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்லவேளை, அந்த ஜெபிக்கிறவருக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார்.

இப்போது லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் வாரத்தில் லித்தியம் வாங்க வருகிற எல்லோரிடமும் உபவாசம் உண்டா என்று கேட்டுவிடுகிறோம். இருக்காதீர்கள் என்று சொன்னால் நம்மிடம் சொல்லாமல் இருப்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் நோன்புக் கடமை 18 வயதிலிருந்து 59 வரைதான், நோயாளிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு என்று எடுத்துச் சொன்னால் கத்தோலிக்கர்கள் ஓரளவு கேட்பார்கள். மற்றவர்களுக்கு அவரவர் ஐயரோ பாஸ்டரோதான் சொல்ல வேண்டும். ஒரு பாஸ்டர், "நீங்க நாப்பது நாள் சீரியலை விடுங்கம்மா, அது போதும்" என்று சொல்லியனுப்பினார். அதற்குப் பட்டினியே மேல் என்று அந்த அம்மா எங்களிடம் வந்து புலம்பினார்.

இனி சொல்லப்போவது சபைகளில் அதிகம் தெரியாத நோய். கல்லூரிப் பையன் ஒருவன், அமைதியானவன். ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு முழங்காலில் நிற்கும்போது இயேசுவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை மனதுக்குள் வரும். வேண்டாம் என்று தள்ளத் தள்ள அதிகமாக வரும். பரிசுத்த ஆவிக்கு எதிரான தூஷணம் மன்னிக்கப்படாது என்று மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் வாசித்துவிட்டான். அவ்வளவுதான், தனக்கு நரகம் நிச்சயம் என்று முடிவு பண்ணிவிட்டான். ஒரு வருஷமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. மன்னிப்பு ஜெபத்தை நடுவில் தடங்கல் வந்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் அதற்கே போனது. வீட்டில் பிசாசு என்றார்கள். அது ஓ.சி.டி., வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒன்றையே செய்துகொண்டிருக்க வைக்கிற நோய். கை கழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கு வருகிற அதே நோய், இங்கே பக்தியின் உடையில் வந்திருக்கிறது.

இது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வந்த புது வியாதி இல்லை. இயேசு சபையைத் தொடங்கிய இன்னாசியார் 1522இல் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களையெல்லாம் சரியாக அறிக்கையிட்டோமா என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்ப பாவசங்கீர்த்தனம் செய்து, சாகலாமா என்று நினைக்கும் அளவுக்குப் போயிருக்கிறார். அவருடைய ஆன்ம குரு, மிகத் தெளிவாகத் தெரிகிறதைத் தவிரப் பழைய பாவம் எதையும் இனி அறிக்கையிடாதே என்று சொன்னாராம். ஐந்நூறு வருஷம் கழித்து எங்கள் டாக்டர் எழுதுகிற சிகிச்சையும் ஏறக்குறைய அதுதான். எண்ணம் வரட்டும், அதற்குப் பரிகாரம் எதுவும் செய்யாமல் அதோடு உட்கார்ந்திரு. மருந்தும் உண்டு.

இதில் எங்களுக்கு ஐயரோடுதான் சிக்கல். பையன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவருக்குப் போன் பண்ணி, "ஐயா, எனக்கு மன்னிப்பு உண்டா?" என்று கேட்பான். அவரும் நல்ல மனிதர், ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து, உண்டு தம்பி என்று வசனத்தோடு சொல்லுவார். அரை மணி நேரம் நிம்மதி. மறுபடியும் போன். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற கதை. இனி பதில் சொல்லாதீர்கள் ஐயா என்று நான் கேட்டபோது அவர் முகம் வாடிவிட்டது. "ஆறுதல் சொல்றதுதானே மேடம் எங்க வேலை? அதையும் செய்யக் கூடாதுன்னா எப்படி?" என்றார். நியாயமான கேள்வி. இறந்த வீட்டில் சொல்கிற ஆறுதல் துக்கத்தைத் தணிக்கும், இந்தப் பையனுக்குச் சொல்கிற ஆறுதல் நோய்க்குத் தீனி என்று புரியவைக்க இரண்டு மூன்று சந்திப்பு ஆனது. கடைசியில் ஒரு வாக்கியத்தை முடிவு பண்ணினோம்: "பதில் சொல்லியாச்சு தம்பி, ஞாயித்துக்கிழமை கோயில்ல பாப்போம்." அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். முதல் வாரம் பையனைவிட ஐயருக்குத்தான் தூக்கம் போயிற்று.

பிசாசு என்று சொல்கிறவர்களிடம் சண்டை போடுவதை நான் விட்டு வெகு நாளாகிறது. சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர்தானே என்று ஆரம்பித்தால் அவர்கள் ஒன்பது வசனம் சொல்வார்கள், அந்தப் போட்டியில் என்னால் ஜெயிக்க முடியாது. சங்கிலி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். தர்கா, கோயில், சர்ச், ஜெப வீடு எதுவாக இருந்தாலும் நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம் என்றால் போய்விட்டு வாருங்கள், மாத்திரையை எடுத்துக்கொண்டு போங்கள் என்பேன். போகாதே என்று சொல்லி நான் எந்தக் குடும்பத்தையும் தக்கவைத்தது கிடையாது.

எனக்கு உண்மையான எதிராளி பிசாசு இல்லை, சாட்சிதான். சபையில் எழுந்து சொல்கிற சாட்சிக்கு ஓர் அமைப்பு உண்டு. வியாதி வந்தது, டாக்டர் கைவிட்டார், ஜெபித்தோம், பரிபூரண சுகம். சர்க்கரை நோய்க்காரர் யாரும் சாட்சி சொல்வதற்காக மாத்திரையை நிறுத்துவதில்லை. கேன்சர் நோயாளி கீமோ எடுத்துக்கொண்டதையும் சேர்த்தே சொல்வார். மனநோய்க்கு மட்டும் மாத்திரையை விட்டால்தான் சுகம் என்று கணக்கு. கன்வென்ஷன் கூட்டத்தில் மாத்திரை அட்டையை மேடையிலேயே கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. மனச்சிதைவுக்கான மருந்தை நிறுத்தினால் பலருக்கு மறுநாளே நோய் திரும்பாது. சில வாரம், சில மாதம்கூட நன்றாகவே இருப்பார்கள். மயக்கமும் எடையும் குறைவதால் முன்பைவிடத் தெளிவாகக்கூட இருப்பதுபோலத் தெரியும். அந்த இடைவெளியில்தான் சாட்சி சொல்லப்படுகிறது. நோய் திரும்பி வந்த பிறகு யாரும் மைக்கைக் கொடுப்பதில்லை. விசுவாசம் போதவில்லை என்ற பேச்சு வரும், அந்தக் குடும்பம் கோயிலுக்கு வருவதையே குறைத்துக்கொள்ளும். மன அழுத்த மாத்திரையில் இது தலைகீழ். வேலை செய்யவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். "மூணு நாள் உபவாசத்துல பதில் வருது மேடம், மூணு நாள் மாத்திரையில ஒண்ணும் வரல" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

போதகர்கள் மாதிரி சபை ஊழியம் செய்கிறவர்களும் எங்களிடம் வருகிறார்கள். சொந்த ஊரைத் தாண்டி, இரண்டு பஸ் மாறி, ஓ.பி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'சொந்தத் தொழில்' என்று எழுதி. எல்லார் வீட்டுச் சாவுக்கும் போக வேண்டும், சேகரக் கமிட்டியில் (சில சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்) இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்க வேண்டும், சில வருஷத்துக்கு ஒரு மாற்றல். இவர்களிடம் நான் ஸ்டான்லி ஜோன்ஸைப் பற்றிச் சொல்வேன். 1907இல் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி. வந்து சில வருஷத்தில் மனதும் உடம்பும் ஒடிந்து, திரும்பத் திரும்ப விழுந்தவர். அதை அவர் மறைக்கவில்லை. 1950இல் லக்னோவில் நூர் மன்சில் என்ற மனநல மையத்தைத் தொடங்கினார். வேலூர் சி.எம்.சி.யும் அதே பத்தாண்டில் பாகாயத்தில் மனநல மையம் ஆரம்பித்து, நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கும் முறையைக் கொண்டுவந்தது. மனநல மருத்துவம் திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்த பகையாளி என்று நினைக்கிறவர்களுக்கு இதெல்லாம் புதுச் செய்தி.

ஒரு வயதான போதகர், பலநாள் மாத்திரைக்குப் பிறகு, பைபிளில் வருகிற எலியா தீர்க்கதரிசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்ட எலியா. "முப்பது வருஷமா இதப் பிரசங்கம் பண்ணியிருக்கேன்மா. அப்புறம் கர்த்தர் பேசுற அந்த மெல்லிய சத்தத்துக்குப் போற அவசரத்துல, தூதன் அவரைத் தட்டி எழுப்பி அடை குடுத்து, தண்ணி குடுத்து, மறுபடியும் படுக்க விட்டதைத் தாண்டி ஓடிருவேன்" என்றார். இப்போது அவர் சபையின் அறிவிப்புப் பலகையில் 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், ஒட்டியிருக்கிறது. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

சபையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாங்கள் நோயாளியை மாதத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம் பார்க்கிறோம். சபை வாராவாரம் பார்க்கிறது. வழக்கமாக மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர் இரண்டு ஞாயிறு வரவில்லை என்றால் சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாருக்குத் தெரிந்துவிடும்.

சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை போன தடவை நடந்தபோது, உபவாசம் இருந்த அந்த டீச்சர் சாட்சி சொல்ல எழுந்தாராம். லித்தியம்தான் அவருக்குச் சரிப்பட்டது, ரத்தப் பரிசோதனையோடு மறுபடியும் அதையே சாப்பிடுகிறார். தனக்கு இன்ன நோய், தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன், இன்று காலையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன், கர்த்தர் நல்லவர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் இரண்டு பேர் தனித்தனியாக வந்து, எந்த டாக்டர், என்ன கிழமை பார்ப்பார் என்று கேட்டிருக்கிறார்கள். ஊருக்கு முன்னால் இப்படிச் சொல்லலாமா என்று மாமியாருக்குக் கோபம். இன்னும் சரியாகப் பேசவில்லையாம்.