பதிமூன்றாம் வாய்ப்பாடு

ஜனவரி 13, 2025, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டதும் திருப்பூரில் பஸ் ஏறி, இருட்டுக் கட்டுகிற நேரத்துக்குக் காங்கேயம் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. "நீதானே சாமி பெரியவன், விட்டுக்குடு" என்றேன். விட்டுக்கொடுத்தான். ஆனால் காங்கேயம் வரும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதையே அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று இறங்கும்போது நினைத்துப் பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அப்பா காப்புக் கட்டிக்கொண்டிருந்தார். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துத் தோட்டத்து வீடான சாளையின் கூரையில் ஒரு கொத்து, மாட்டுப் பட்டியில் ஒரு கொத்து, கிணற்றடியில் ஒன்று. பெரியவன் கொத்துகளைச் சுமந்துகொண்டு அவர் பின்னாலேயே போனான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. ஆனால் எழுத வேண்டியது விடியற்காலையில் நடந்ததைத்தான்.

சாளையில் கழிப்பறை வெளியே, வாசலைத் தாண்டி வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நாலு மணி சுமாருக்கு முழிப்புத் தட்டியது. பக்கத்தில் ரெண்டு பேரையும் காணோம். பதறிப்போய் எழுந்து கதவைத் திறந்தேன். நேற்றுத்தான் பௌர்ணமி, வாசலெல்லாம் நிலா. மரத்தடி மட்டும் கும்மென்று இருட்டு. அங்கே பெரியவன் போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, கழிப்பறைக் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான்.

"பதிமூணு ஆறு எழுபத்தெட்டு. பதிமூணு ஏழு தொண்ணூத்தொண்ணு."

எட்டில் அவனுக்கு எப்போதும் தட்டும். நிறுத்தினான். உடனே உள்ளேயிருந்து குரல்: "அண்ணா, இருக்கறயா?"

"இருக்கறேன் பாப்பா. பதிமூணு எட்டு... நூத்தி... நூத்தி நாலு."

சத்தம் விடாமல் கேட்டால் அவள் பயப்பட மாட்டாள் என்று அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான். வாய்ப்பாடு சொல்லச் சொன்னாலே கண் கலங்குகிற பையன். நான் கதவோரத்திலேயே நின்றுவிட்டேன். போயிருந்தால் அது என் வேலையாகியிருக்கும். ரெண்டு பேரும் சத்தமில்லாமல் வந்து படுத்தார்கள். தூங்குகிற மாதிரி கிடந்தேன். அவன் கால் பனியில் நனைந்து ஜில்லென்று என்மேல் பட்டது.

ஜனவரி 15, புதன்

பட்டி நோம்பி, அதாவது மாட்டுப் பொங்கல். பட்டிக்குள் சாணத்தில் வரப்புக் கட்டித் தண்ணீர் ஊற்றித் தெப்பக்குளம் வைத்தார் அப்பா. மாடுகளை அதில் மிதிக்க விட்டபோது "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று எல்லாரும் கத்தினோம். சாம்பல் நிற மயிலைப் பசு போட்ட கன்று மட்டும் செவேலென்று இருந்தது.

"இது மட்டும் ஏனுங்க அப்புச்சி செவப்பா இருக்குது?" என்றாள் சின்னவள்.

"காங்கேயம் கன்னு பொறக்கறப்ப அப்படித்தான் அம்மிணி. ஆறு மாசம் போனா மயிலையாயிரும்."

நிறம் மாறினால் அம்மாவுக்கு எப்படி அடையாளம் தெரியும் என்று அவளுக்குக் கவலை வந்துவிட்டது. "மோந்து பாத்தே கண்டுபிடிச்சுக்கும்" என்றார் அப்பா. அதில் அவளுக்குத் திருப்தி இல்லை.

இரவு நான் முழித்தே இருந்தேன். மூன்றரைக்கு அவள் அண்ணனைத்தான் எழுப்பினாள். இன்றைக்கு எட்டில் தட்டவில்லை.

ஜனவரி 16, வியாழன்

பூப்பறிக்கிற நோம்பி. பெண் பிள்ளைகளோடு மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுப் பக்கம் போய் ஆவாரம்பூ பறித்தோம். கிளுவை வேலி ஓரமாகத் துணியை விரித்து, கட்டிக்கொண்டு போன கச்சாயத்தையும் முறுக்கையும் தின்றோம். அப்புறம் கரும்பு.

சின்னவளுக்கு முன்பற்கள் ரெண்டும் விழுந்துவிட்டன. கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவன் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கினான். கடைவாயில் வைத்துத் தோலை நீளமாக இழுத்துத் துப்பினான். கணுவோடு முறித்து, நடுத்துண்டைச் சின்னதாகக் கடித்து அவள் உள்ளங்கையில் வைத்தான். உதட்டோரத்தில் தோல் கீறி லேசாக ரத்தம். கணுக்களை எல்லாம் அவனே மென்றான். அவளும் ஏதோ அவனுக்குக் கடமை போலக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். "நன்றி சொல்லு அம்மிணி" என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

திருப்பூருக்குத் திரும்பிவிட்டோம். வரும் வழியில் ஜன்னல் சீட்டுக்கு மறுபடியும் சண்டை, ரெண்டு பேரும் கிள்ளிக்கொண்டார்கள். இந்தத் தடவை "பெரியவன்" என்ற வார்த்தையை நான் எடுக்கவில்லை. பாதி வழி அவன், பாதி வழி அவள் என்றேன். சரி என்றார்கள்.

ராத்திரி ஏழரைக்கு அவன் குளித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டு நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் குளியலறைப் பக்கம் சின்னவளின் குரல் கேட்டது. கதவுக்கு முதுகைக் காட்டி, கையை நேராக வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, அவளுக்குத் தெரிந்தது இரண்டாம் வாய்ப்பாடு மட்டும்தான்.

"ரெண்டு நாலு எட்டு. ரெண்டு அஞ்சு பத்து."

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது.

"பாப்பா?"

"இருக்கறேன் அண்ணா" என்றாள். லைட்டை அணைத்துவிட்டு இருட்டிலேயே நின்றேன். ரெண்டு பத்து இருபது வந்ததும் மூச்சு விட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.