ஒரே ஓர் எண்ணை மாற்றிப் படித்ததால் வந்த அலைச்சல்

பழைய மரக் கனூ (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு) வாங்குபவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: படகில் குத்தியிருக்கும் வரிசை எண்ணைப் படித்து உறுதிசெய்யும் வரை உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள்.

போன வசந்தத்தில் மாசசூசெட்ஸில் ஒரு கொட்டகையிலிருந்து என் கனூவை வாங்கினேன். செடார் மரப் பலகை, மேலே இழுத்துப் போர்த்திய கித்தான், சிவப்புப் பெயின்ட். மெயின் மாநிலத்து ஓல்டு டவுன் கம்பெனியின் படகு. அந்தக் கம்பெனி ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியாகப் பதிவு எழுதி வைத்திருந்தது. பலகை அடித்த நாள், கித்தான் போர்த்திய நாள், வார்னிஷ், நிறம், எங்கே அனுப்பினார்கள் என்பது வரை அதில் உண்டு. இது பெரிய கொடுப்பினை. மாரிஸ் என்ற இன்னொரு மெயின் கம்பெனியின் தொழிற்சாலை எரிந்து, பதிவுகளும் கூடவே போய்விட்டன.

படகின் இரு முனைகளிலும் உள்பக்கம், தரையிலிருந்து வளைந்து ஏறும் கட்டையில் எண்ணைக் குத்தியிருப்பார்கள். என் படகின் முன்முனையில் அது இல்லை. விற்றவர் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று இழைத்துத் தள்ளியிருக்கிறார். இன்னும் ஆறவில்லை எனக்கு. பின்முனையில் மட்டும், கெட்டியான வார்னிஷுக்கு அடியில், ஐந்து இலக்கங்களும் சற்றுத் தள்ளி 17-ம் மங்கலாகத் தெரிந்தன. அந்த 17 படகின் நீளம். அதையும் சேர்த்து ஏழு இலக்க எண்ணாகப் படித்துவிடாதீர்கள்.

முதல் இலக்கத்தை 3 என்று படித்தேன். அந்த எண்ணுக்குரிய பதிவு இரண்டே நாளில் வந்துவிட்டது. வுடன் கனூ ஹெரிடேஜ் அசோசியேஷன் அமைப்பில் ஸ்கேன் செய்த 2 லட்சத்துக்கும் மேலான பதிவுகளிலிருந்து தன்னார்வலர்களே தேடித் தருகிறார்கள். படகு அனுப்பப்பட்ட ஊரின் பெயரைப் பார்த்ததும் எனக்கு நிலைகொள்ளவில்லை. முதல் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கலாம் என்று, மறுவாரமே இரண்டரை மணி நேரம் காரோட்டி அந்த ஊர்ப் பதிவேட்டு அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆள் பெயர் இல்லாமல் எதையும் தேட முடியாது" என்றார், அவ்வளவுதான். வெறுங்கையோடு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து பதிவை நிதானமாகப் படித்தபோதுதான் உறைத்தது. அதில் நீளம் 18 அடி. விளிம்புக் கட்டை மகாகனி மரம். என் படகில் இருப்பது ஸ்புரூஸ் மரம். அது வேறு யாருடைய படகோ!

அன்று இரவே விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கட்டையோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பிடித்தேன். சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளங்களின் நிழல் விழுந்தது. 3 என்று நினைத்ததன் இடப்பக்கமும் மெல்ல மூடியிருந்தது. அது 8! நான்கு கோணங்களில் படமெடுத்து அனுப்பினேன்.

இந்த முறை எல்லாம் பொருந்தியது: 17 அடி, ஓடிசிஏ என்ற மாடல், ஸ்புரூஸ் விளிம்புக் கட்டை, ஆண்டு 1925. கித்தான் போர்த்தி, துணியின் துளைகளை அடைக்கும் பூச்சு பூசி, அது காய்வதற்காக வாரக்கணக்கில் வைத்திருந்தது தேதிகளிலேயே தெரிந்தது. அனுப்பிய இடம் பாஸ்டனில் ஒரு கடை. வாங்கியவர் பெயர் இல்லை. பல பதிவுகளில் வியாபாரியோடு தடம் நின்றுவிடும். பெயர் கிடைக்கும் என்று நம்பி விடுப்பு எடுத்து அலையாதீர்கள்.

நிறம் என்ற இடத்தில் 'கரும்பச்சை' என்றிருந்தது. கித்தானை மாற்றியிருந்தால் பழைய பெயின்டின் சுவடே இருக்காது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வெளிவிளிம்புக் கட்டையில் ஒரு திருகாணியைக் கழற்றி, அடியில் நகத்தால் சுரண்டினேன். சிவப்பு உதிர்ந்தது, அதன் கீழே ஒரு சாம்பல் நிறம், அதற்கும் கீழே பச்சை.